பேசிக்கொண்டு போகக்கூடிய வேகம்

முதல் அறிகுறி இருமல். அதுவும் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து இருமிக்கொண்டிருந்த இடத்தில்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி, நவம்பர் முடிவு. ரொறன்ரோவில் அந்த வருடம் பனி இன்னும் விழவில்லை. என் தம்பி ரூபனின் கல்லூரி ஸ்கீ அணிக்குப் பருவத்தின் முதல் பந்தயம் நகரத்துப் பூங்கா ஒன்றில் நடந்தது. பனி இல்லாமல், காலில் ஸ்கீப் பலகை கட்டிப் பனியில் ஓடும் பந்தயம் எப்படி என்று நானும்தான் கேட்டேன். ஸ்கேற்றிங் அரங்குகளில் ஐஸைச் சுரண்டி வெளியே கொட்டுவார்களே, அந்தத் தூளை லொறியில் ஏற்றிவந்து புல்லின் மேல் பரப்பி ஒரு சின்ன வட்டப்பாதை போட்டிருந்தார்கள். பாதைக்கு இரண்டு பக்கமும் பச்சைப் புல்.

மற்ற நாட்களில் இவர்கள் காட்டுப் பாதைகளில் பத்து, பதினைந்து கிலோமீற்றர் போகிறவர்கள். இந்த ஸ்பிறின்ற் ஓட்டம் வேறு மாதிரி. ஒரு சுற்று மூன்று நிமிடம்தான். முதலில் ஒவ்வொருவராகத் தனியே ஓடவேண்டும். பிறகு நான்கு நான்கு பேராக. நால்வரில் முதல் இருவர் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். வென்றுகொண்டே போகிறவன் ஒரே நாளில் நான்கு தடவை உயிரைக் கொடுத்து ஓடவேண்டும்.

முடிவுக் கோட்டைத் தாண்டியவர்கள் எல்லோரும் ஊன்றுகோல்களில் சரிந்து நின்று இருமினார்கள். குளிர்ந்த வறண்ட காற்று தொண்டையைச் சுரண்டுவதால் வரும் இருமல், இந்தப் பருவத்தில் எல்லோருக்கும் வரும் என்று பயிற்சியாளர் எனக்கு விளக்கினார். நெடிய, சாந்தமான மனிதர். எனக்கு அது வேடிக்கையாகக்கூட இருந்தது. வைத்தியசாலை வராந்தா மாதிரி இருக்கிறதே என்று சிரித்தேன்.

ரூபனின் இருமல் மட்டும் நிற்கவில்லை. மற்றவர்கள் தண்ணீர் குடித்து, ஜாக்கெற் போட்டு, கதைக்கத் தொடங்கிய பிறகும் அவன் குனிந்தபடியே நின்றான். துப்பினான். துப்பிய இடத்தை ஸ்கீயால் சட்டென்று தேய்த்தான். அதற்குள் நான் கண்டுவிட்டேன். வெள்ளை ஐஸ்தூளில் மெல்லிய இளஞ்சிவப்பு.

“என்னடா அது?”

“நாக்கைக் கடிச்சிட்டன். ஜூஸ் ஒண்டு தா.”

நம்பினேன் என்று சொல்லமாட்டேன். நம்புவது வசதியாக இருந்தது.

ரூபனுக்கு அப்போது பத்தொன்பது வயது. மல்வேர்னில் நாங்கள் இருந்த தொடர்மாடியிலிருந்து ஸ்கீ ஓடப் போன முதல் தமிழ்ப் பெடியன் அவனாகத்தான் இருக்கும். கல்லூரி இரவல் கொடுத்த ஸ்கீயைத் தூக்கிக்கொண்டு அவன் பஸ்ஸில் ஏறினால் வேலைக்குப் போகிற சனம் எல்லாம் தலையைக் குனிந்து வழிவிடும். அம்மாவுக்கு அது ஒரு விளையாட்டு என்றே புரியவில்லை. “ரெண்டு பலகையைக் காலில கட்டிக்கொண்டு குளிருக்கை ஓடுறதுக்கு உவனுக்கு என்ன நேர்த்திக்கடனோ?” என்று கேட்பார். ஆனால் அவனுடைய பந்தய உடுப்பைக் கையால்தான் தோய்ப்பார்.

இலையுதிர்காலம் முழுவதும் அணி சில்லுப் பூட்டிய ஸ்கீயில் தெருக்களில் ஓடிப் பழகியது. மெதுவான நீண்ட ஓட்டங்கள். அவற்றில் ரூபன் களைத்ததே இல்லை. அதுதான் எல்லோரையும் ஏமாற்றியது. என்னை ஏமாற்றியிருக்கக் கூடாது.

நான் அவனுக்கு ஏழு வயது மூத்தவள். மிசிசாகாவில் ஒரு அலுவலகத்தில் கோப்புகள் பார்க்கும் வேலை. கட்டடத்தில் எனக்கு ‘ஃபோர்ம் அக்கா’ என்று பெயர். வாடகைப் படிவம், பள்ளிக்கூடப் படிவம், நூலக அட்டைப் படிவம் என்று யார் வீட்டுக்குக் கடிதம் வந்தாலும் என் கதவைத்தான் தட்டுவார்கள். கறுப்பு மை, அழகான கையெழுத்து. எனக்கென்று ஒரு சட்டமும் வைத்திருந்தேன்: கேட்டதற்கு மட்டும் பதில், கூட ஒரு சொல்லும் எழுதக்கூடாது. அதைப் பெருமையாக மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

கல்லூரி அணியில் சேர்வதற்கான மருத்துவப் படிவம் செப்டெம்பரில் எங்கள் மேசையில் கிடந்தது. ரூபனுக்கு என்னைவிட நல்ல ஆங்கிலம் தெரியும். இருந்தும் நான்தான் எடுத்து நிரப்பினேன். பழக்கதோஷம். அந்த நோய் இருந்ததா, இந்த நோய் இருந்ததா என்று ஒரு பக்கம் நிறையக் கேள்விகள். ‘இல்லை’ என்ற பெட்டிகளில் மேலிருந்து கீழே ஒரே நேராகச் சரி போட்டுக்கொண்டு போனேன். கை ஓரிடத்திலும் தயங்கவில்லை. அவன் வாசிக்காமலே கையெழுத்து வைத்துவிட்டு ஓடினான்.

அந்த வரிசையில் ஒரு கேள்வி, ருமாற்றிக் காய்ச்சல் (தொண்டைப் புண்ணுக்குப் பிறகு சில பிள்ளைகளுக்கு வரும் காய்ச்சல், மூட்டுகளை வீங்கவைத்து, இதயத்தின் வால்வுகளையும் கெடுக்கக்கூடியது) வந்ததுண்டா என்பது.

வந்ததுண்டு. ஏழு வயதில், யாழ்ப்பாணத்தில். ஒருநாள் முழங்கால், மறுநாள் கணுக்கால், அதற்கடுத்த நாள் முழங்கை என்று வீக்கம் இடம் மாறிக்கொண்டிருந்தது. நானே அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு கழிப்பறைக்குப் போயிருக்கிறேன். காய்ச்சல் இதயத்தையும் தொட்டிருக்கிறது, வளர்ந்து ஆளாகும்வரை மாதத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி போடவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ரூபனுக்கு அது முழங்காலுக்குப் போடும் ஊசி என்று சொல்லிவைத்தோம். பிள்ளையைப் பயப்படுத்த வேண்டாம் என்று அம்மா நினைத்தார். சண்டைக்குள்ளும் இரண்டு வருடம் ஒரு மாதமும் தவறாமல் அவனைக் கூட்டிப்போய்ப் போட்டவரும் அவர்தான்.

பிறகு கொழும்பு, பிறகு கனடா. அப்பாவால் எங்களோடு வர முடியவில்லை. இங்கே வந்த புதிதில், குடிவரவு மருத்துவப் பரிசோதனைக்கான படிவத்தை நிரப்பியபோது எனக்குப் பதினேழு வயது. நாங்கள் அறை எடுத்திருந்த வீட்டிலிருந்த எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்: “வருத்தம் எண்டு ஒண்டையும் காட்டிப்போடாதேங்கோ. திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்.” அவர்களுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சுவரைப் பார்த்தார். ‘இல்லை’ என்று போட்டேன். பரிசோதித்த டொக்டருக்கும் அன்றைக்கு இதயத்தில் ஒன்றும் கேட்கவில்லைபோலும்.

அதோடு ஊசி நின்றது. இல்லாத வருத்தத்துக்கு எப்படி ஊசி போடுவது? இன்னொரு டொக்டரிடம் போய்ச் சொன்னால் முதல் படிவம் பொய் என்றாகிவிடும். முதல் பொய்யைக் காப்பாற்ற ஒவ்வொரு படிவத்திலும் அதையே எழுதினேன். சில வருடங்களில் அது எனக்குப் பொய்யாகவே தெரியவில்லை.

இதை வாசிக்கிறவர்களில் யாருக்காவது இப்படி ஒரு ‘இல்லை’ இருக்கும் என்று எனக்குத் தெரியும். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெருமைப்பட ஒன்றுமில்லாத கதை.

பந்தயத்துக்கு இரண்டு நாள் கழித்துக் காலையில் அவனுடைய கட்டிலை ஒழுங்குபடுத்தப் போனேன். சோபாவின் பெரிய மெத்தை அவன் தலையணைக்குக் கீழே கிடந்தது. தலையை உயர்த்தி வைத்தால்தான் மூச்சு இலகுவாக இருக்கிறதாம். அன்றே வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அருகிலிருந்த கிளினிக்குக் கூட்டிப்போனேன்.

டொக்டர் இளைஞர், நல்லவர். முதுகில் குழாயை வைத்துக் கேட்டார். குளிரில் ஓடும்போது வரும் ஆஸ்துமாவாக (மூச்சுக்குழாய்கள் சுருங்கி இழுப்பு வருவது) இருக்கலாம் என்றார். பிறகு, சிறுவயதில் ஏதாவது பெரிய நோய் வந்ததா என்று ரூபனைப் பார்த்துக் கேட்டார்.

ரூபன் வாயைத் திறக்க முன் நான் ‘இல்லை’ என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய்யாக இருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அது தானாக வந்தது. டொக்டர் எழுதிக்கொண்டார். வாயில் வைத்து உறிஞ்சும் மருந்தொன்றைத் தந்து அனுப்பினார். குற்றம் அவருடையதல்ல. நான் கொடுத்ததை வைத்துத்தானே அவர் முடிவுசெய்ய முடியும்?

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் குசினியில் பேச்செடுத்தேன். ரூபன் வகுப்புக்குப் போயிருந்தான்.

“அம்மா, இது பழைய வருத்தமோ எண்டு எனக்குப் பயமாக் கிடக்கு.”

அம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. “அது வந்து மாறின காய்ச்சல். பத்துப் பன்னிரண்டு வருசமாச்சு. இப்ப ஏன் அதைக் கிளறுறாய்?”

“துப்பேக்கை ரத்தம் மாதிரிக் கிடந்தது.”

கத்தி நின்றது. பிறகு, “அப்பான்ரை ஃபைல் இப்பதானே அசையுது பிள்ளை” என்றார்.

அதுதான் விசயம். அப்பாவைக் கூப்பிடுவதற்கான விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தோம். அதையும் நிரப்பியவள் நான்தான். மருத்துவப் பரிசோதனைக்கு வரச்சொல்லி அவருக்கு அந்த மாதம்தான் கடிதம் போயிருந்தது. எங்களுடைய பழைய பொய் இப்போது வெளியே வந்தால் அவருடைய ஃபைலை மூடிவிடுவார்கள் என்று இருவரும் நம்பினோம். ஒன்பது வருடமாக நாங்கள் காணாத அப்பா ஒரு பக்கம், கண்முன்னால் இருமுகிற தம்பி ஒரு பக்கம். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

“மருந்து குடுத்திருக்குத்தானே. கொஞ்ச நாள் பாப்பம்” என்றேன். அம்மா தலையாட்டினார். அந்தக் கொஞ்ச நாள் இரண்டு கிழமை ஆனது.

அந்த இரண்டு கிழமையும் அவன் உறிஞ்சும் மருந்தை ஒழுங்காக எடுத்தான். கொஞ்சம் சுகம் என்றான். அவனுக்கு அடுத்த ஸ்பிறின்ற்தான் யோசனை. அதில் முதல் நான்கு இடத்துக்குள் வருகிறவர்கள் வடக்கே நடக்கும் பெரிய பந்தயங்களுக்குப் போவார்கள். “போகாதை” என்று ஒருமுறை சொன்னேன். “ஏன்?” என்று கேட்டான்.

இரண்டாவது பந்தயம் ஒஷாவாவுக்கு வடக்கே, மேட்டுநிலத்தில். அங்கே உண்மையான பனி விழுந்திருந்தது. நானும் அணியின் வான் வண்டியில் போனேன். பெடியள் வழிமுழுக்கப் பகிடிவிட்டார்கள். ரூபனும் சிரித்தான், ஆனால் சிரிப்பை வேகமாக முடித்துக்கொண்டான். அதையும் நான் கவனித்தேன்.

தனி ஓட்டத்தில் ஐந்தாவது இடம். நால்வர் சுற்றில் இரண்டாவதாக வந்தான். சுற்றுகளுக்கு நடுவே இருபது நிமிட ஓய்வு. அந்த இருபது நிமிடமும் அவன் உட்காரவில்லை, நின்றபடி வேலியைப் பிடித்துக்கொண்டு மூச்சை எண்ணிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் போய் நின்றேன். சொல்லத்தான் போனேன். உண்மையாகவே சொல்லத்தான் போனேன். அதற்குள் அவனுடைய இலக்கத்தைக் கூப்பிட்டார்கள்.

அரையிறுதியில் கடைசி ஏற்றம்வரை இரண்டாவதாக இருந்தான். ஏற்றத்தின் உச்சியில் கைகள் ஊன்றுகோலைக் குத்துவதை விட்டுவிட்டன. மூன்றாவதானான், நான்காவதாகக் கோட்டைத் தாண்டி விழுந்தான். இருமலோடு நுரை வந்தது. இளஞ்சிவப்பு நுரை. இந்தத் தடவை ஸ்கீயால் தேய்க்க அவனுக்குச் சக்தி இல்லை.

அணிப் பெடியள் ஓடிவந்து அவனை நேராகக் கிடத்தப் பார்த்தார்கள். அவன் அவர்களை அடித்துத் தள்ளிவிட்டு எழுந்து உட்காரப் போராடினான். நுரையீரலில் நீர் தேங்கியவர்களால் கிடக்க முடியாது என்று இப்போது எனக்குத் தெரியும். அப்போது அது தெரியாது. ஆனாலும் இது ஆஸ்துமா இல்லை என்று ஐம்பது அடி தூரத்தில் நின்ற எனக்குத் தெரிந்தது. அந்தக் கூட்டத்தில் அது தெரிந்த ஒரே ஆள் நான். ஓடினேன். பூட்சுக்குள் பனி நிறைந்ததுகூட ஆஸ்பத்திரிக்குப் போனபிறகுதான் தெரிந்தது.

ஒஷாவா ஆஸ்பத்திரியின் வராந்தாவில் நரைத்த கூந்தலை இறுக்கிக் கட்டிய ஒரு பெண் டொக்டர் என்னிடம் வந்தார். கையில் அணியின் மருத்துவப் படிவம் இருந்தது. பயிற்சியாளர் பையிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறார். என் சரிகள் ஒரே நேராக, அழகாக இருந்தன. இதில் இருப்பதைத் தவிர வேறு ஏதாவது இருக்கிறதா என்று டொக்டர் கேட்டார். நேரம் போய்க்கொண்டிருக்கிறது என்றும் சொன்னார்.

“இருக்கிறது” என்றேன். “ஏழு வயதில் ருமாற்றிக் காய்ச்சல். பத்து வயதோடு ஊசியை நிறுத்திவிட்டோம். அந்தப் படிவத்தை எழுதியது நான்.”

ஒன்பது வருடம் மறைத்ததைச் சொல்ல ஒரு மூச்சுத்தான் தேவைப்பட்டது. டொக்டர் முகத்தில் கோபம் வரவில்லை. உடனே திரும்பி உள்ளே போனார். நீரை வெளியேற்றும் மருந்து ஏறி, ஒக்சிஜனோடு ரூபனின் மூச்சுக் கொஞ்சம் தணிந்ததும், அவனை இடப்பக்கம் சரிந்து படுக்கச் சொன்னார். இடது மார்புக்குக் கீழே குழாயை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் கேட்டார். அந்தச் சத்தம் அப்படிப் படுத்தால்தான் கேட்குமாம், அதுவும் தேடுகிறவருக்குத்தான் கேட்குமாம்.

எக்கோ (ஒலியலைகளால் இதயத்தைப் படம் பிடிப்பது) உறுதிப்படுத்தியது. மைற்றல் வால்வு (நுரையீரலிலிருந்து வரும் இரத்தத்தை இதயத்தின் இடது கீழறைக்குள் விடும் கதவு) தழும்பேறிச் சுருங்கியிருந்தது. இரண்டு விரல் போகவேண்டிய வழியில் ஒரு பென்சில்தான் போகும் என்றார் டொக்டர்.

“அப்படியென்றால் எப்படிப் பத்துக் கிலோமீற்றர் ஓடினான்?” என்று கேட்டேன்.

ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். இதயம் சுருங்கும்போதுதான் வேலை செய்கிறது என்று நான் நினைத்திருந்தேன். இரண்டு துடிப்புக்கு நடுவில் அது தளரும் நேரத்தில்தான் இரத்தம் உள்ளே நிரம்புகிறது. மெதுவாகப் போகும்போது அந்த இடைவெளி நீளம், சின்ன வழியாலும் போதிய இரத்தம் வந்துசேரும். ஸ்பிறின்றில் இதயம் அடித்துக்கொள்ளும்போது இடைவெளி இல்லை. வரமுடியாத இரத்தம் நுரையீரலில் தேங்கும். மூன்று நிமிட ஓட்டம் அவனுக்குப் பதினைந்து கிலோமீற்றரைவிட ஆபத்தானது.

படத்தை மடித்து வைத்துக்கொண்டு, எனக்குள் அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன். இது குடிவரவுக்குப் போகுமா?

டொக்டருக்கு முதலில் கேள்வி விளங்கவில்லை. நான் முழுவதும் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்து என் முன்னால் உட்கார்ந்தார். நோயாளி சொல்வது இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே போகாது, அதைக் கேட்கும் உரிமை அவர்களுக்கு இல்லை என்றார். பிறகு, “இத்தனை வருடமும் இதை யாரிடமும் கேட்கவில்லையா?” என்றார். கேட்கவில்லை. ஊருக்கெல்லாம் படிவம் நிரப்பிக் கொடுத்தவள், எனக்கு வேண்டிய ஒரு கேள்வியை ஒருவரிடமும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் ரூபனிடம் டொக்டர்தான் முதலில் சொன்னார். நான் உள்ளே போனபோது அவன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். மூக்கில் குழாய்.

“முழங்கால் ஊசி” என்றான்.

“ஓம்.”

“கிளினிக்கில அவர் கேக்கேக்கை உனக்குத் தெரியும்.”

“ஓம்.”

“நேற்று நான் லைனில போய் நிக்கேக்கையும் தெரியும்.”

“ஓம். சொல்லத்தான் வந்தனான்...”

“ஓகே.” கண்ணை மூடிக்கொண்டான். “நீ வீட்டை போ அக்கா. அம்மாவை வரச்சொல்லு.”

அதற்குப் பிறகு அவன் என்னோடு கதைக்கவில்லை. சண்டை பிடித்திருந்தால் தாங்கியிருப்பேன். தேநீர் வைத்தால் குடிப்பான், கேட்டால் தலையாட்டுவான், அவ்வளவுதான். இரண்டு அறை வீட்டில் அப்படி வாழ்வது எவ்வளவு கடினம் என்பது அனுபவித்தால்தான் தெரியும். நியாயம் அவன் பக்கம் என்பதால் அழக்கூட எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. மிசிசாகா போகிற பஸ்ஸில் அழுவேன்.

ஜனவரியில் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பலூன் சிகிச்சை (தொடையிடுக்கு இரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயை இதயம்வரை கொண்டுபோய், வால்வுக்குள் சிறு பலூனை ஊதி வழியை அகலப்படுத்துவது) செய்தார்கள். அதுவரை இதயத்தை மெதுவாக்கும் மாத்திரை. வேகத்துக்காகவே நான்கு மாதம் பழகியவனுக்கு மெதுவாவதற்கு மருந்து.

அன்றைக்கு அம்மா என்னை மொழிபெயர்க்கவே விடவில்லை. அந்த நோயின் பெயரை ஆங்கிலத்தில் பாடமாக்கி வந்திருந்தார். கட்டிலுக்கு அருகில் வந்த ஒவ்வொருவரையும் மறித்து, மகனின் நெஞ்சைக் காட்டி, “ருமாற்றிக் ஃபீவர். செவன் இயர்ஸ். பென்சிலின் ஸ்ரொப்” என்றார். தாதிக்குச் சொன்னார், இரத்தம் எடுக்க வந்தவருக்குச் சொன்னார், குப்பைக்கூடையை எடுக்க வந்த பெண்ணுக்கும் சொன்னார். அந்தப் பெண் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரூபன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் சிரிக்கிறானா அழுகிறானா என்று எனக்குத் தெரியவில்லை.

சிகிச்சை ஒரு மணித்தியாலத்துக்குமேல் நடந்தது. வழி நன்றாக அகன்றிருக்கிறது என்றார்கள். பழைய வால்வு ஆகாது, பின்னொரு காலத்தில் மாற்றவும் வேண்டிவரலாம் என்றும் சொன்னார்கள். இதே நோய் உள்ளவர்கள் இந்த இரண்டாவது செய்தியையும் சேர்த்தே கேட்டுக்கொள்ளுங்கள். குணமாவது என்பது பழையபடி ஆவதல்ல என்று எனக்குப் புரிய ஒரு வருடம் எடுத்தது.

பென்சிலின் மறுபடி தொடங்கியது, நான்கு கிழமைக்கு ஒருமுறை, இடுப்புக்குக் கீழே. மருந்து கட்டியாக இருப்பதால் வலி அதிகம், அன்றைக்கு ஒருபக்கமாக நொண்டி நடப்பான். தமிழ்க்கடை கலண்டரில் அம்மா சிவப்பு வட்டம் போட்டார். எங்கள் வீட்டில் மாதங்கள் இல்லாமல் போயின. ஊசிக்கு முன், ஊசிக்குப் பின் என்றுதான் பேசினோம்.

பந்தயம் இனி வேண்டாம் என்று இதய டொக்டர் சொன்னார். ஸ்பிறின்ற் என்ற சொல்லையே மறக்கச் சொன்னார். ஆனால் மெதுவாகப் பனியில் போகலாம், போவது நல்லதும்கூட. ஒரே ஒரு விதி: பேசிக்கொண்டு போகக்கூடிய வேகம். முழு வசனம் பேச முடிகிறவரை சரி. சொல் நடுவில் அறுந்தால் நிற்கவேண்டும். தனியே போகக்கூடாது.

அணிப் பெடியளுக்கு அவனோடு அந்த வேகத்தில் வர நேரமில்லை. பயிற்சியாளர் அவனுக்கு நேரம் குறிக்கும் வேலை கொடுத்தார், இரவல் ஸ்கீயைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. மார்ச் தொடக்கத்தில் ஒருநாள், கடைசிப் பனி கரைவதற்கு முன், ரூபன் என் அறை வாசலில் வந்து நின்றான்.

“உனக்கு என்ன சைஸ் பூட்ஸ்?” என்று கேட்டான். இரண்டரை மாதத்தில் அவனாகப் பேசிய முதல் வசனம்.

இருபத்தாறு வயதில் நான் ஸ்கீ பழகினேன். பழகினேன் என்பது பெரிய சொல். விழுந்தேன். என் வேகம் அவனுக்குத் தோதாக இருந்தது, அவ்வளவுதான். பகிடி என்னவென்றால், என்னோடு கதைக்க விரும்பாதவன் ஸ்கீ ஓடவேண்டுமானால் என்னோடு கதைத்தே ஆகவேண்டும். முதல்நாள் எங்கள் பஸ் போகும் வழியிலுள்ள தரிப்பிடங்களை மல்வேர்னிலிருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனான். அடுத்தநாள் பதினாறாம் வாய்ப்பாடு. நான் பின்னால் போனேன். அவன் குரல் அறுகிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று தொடங்கிய பழக்கம் இன்னும் விடவில்லை. யார் பேசினாலும் நான் சொற்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியைத்தான் கேட்கிறேன். இரண்டு துடிப்புக்கு நடுவில்தான் இதயம் நிரம்புகிறது என்று அந்த டொக்டர் போட்டுக் காட்டிய படம் இப்போதும் என் கைப்பையில் இருக்கிறது.

கோடையில் அப்பா வந்து சேர்ந்தார். விமான நிலையத்தில் அவரை நாங்கள் அடையாளம் கண்டுகொள்ள நேரம் எடுத்தது. எங்கள் பழைய படிவத்தைப் பற்றி அவரிடமோ எங்களிடமோ ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. எதற்குப் பயந்து தம்பியை அந்தக் கோட்டில் நிற்கவிட்டேனோ, அது வரவேயில்லை. இதை நினைத்தால் எனக்கு ஆறுதல் வருவதில்லை. கோபம்தான் வருகிறது, என்மேல்.

மறுவருடம் பனி முந்தி விழுந்தது. ஒஷாவாவுக்கு வடக்கே அதே இடத்தில் அதே ஸ்பிறின்ற். ரூபன் முடிவுக் கோட்டில் கடிகாரத்தோடு நின்றான். பெடியள் ஊன்றுகோல்களில் சரிந்து இருமினார்கள். ஒவ்வொருவனிடமும் போய் அவன் பனியைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் நேரத்தை எழுதினான்.

பந்தயம் முடிந்து எல்லோரும் வான் வண்டியில் சாமான் ஏற்றும்போது நாங்கள் இருவரும் ஒரு சுற்றுப் போனோம். அந்தக் கடைசி ஏற்றத்தில் அவன் முன்னால், நான் பின்னால். அந்த வருடத்து அணிப் படிவத்தைத் தானே நிரப்பிக் கொடுத்ததைச் சொல்லிக்கொண்டு போனான்.

“அந்தக் கேள்விக்கு ‘ஓம்’ எண்டு போட்டிட்டு, பக்கத்தில இடம் காணாமல் பின்பக்கத்திலயும் எழுதினனான். உன்ரை ரூல் எல்லாம் பிரேக் பண்ணியாச்சு.”

“நல்லது” என்றேன்.

“கடைசியில, அவசரத்துக்கு ஆரைக் கூப்பிடுறது எண்டு கேட்டிருந்தாங்கள். நான்...”

குரல் அறுந்தது. அவன் நின்றான். நானும் நின்றேன். விதி அதுதான். அவன் ஊன்றுகோலில் சாய்ந்து மூச்சை எடுத்தான், விட்டான், எடுத்தான். நான் எண்ணிக்கொண்டு நின்றேன். இருமல் வரவில்லை. மரத்திலிருந்து கொஞ்சம் பனி விழுந்தது.

“...உன்ரை பேரைத்தான் போட்டனான்.”

மெல்ல மெல்ல உச்சிக்கு ஏறினோம். அங்கே அவன் மூச்சு முழுதாகத் தணியும்வரை காத்திருந்துவிட்டு, அந்த வசனத்தை முதலிலிருந்து இன்னொருதரம் சொல்லச் சொன்னேன்.

சொன்னான். நடுவில் ஓரிடத்திலும் நிற்கவில்லை.